குழந்தைகளுக்கு உணவூட்டுக் குழாய் பொருத்தும் முறைகள்: ஓர் ஒப்பீடு

உணவூட்டுக் குழாய் என்பது வாய்வழியாகப் போதுமான அளவு உண்ணவோ பாதுகாப்பாக விழுங்கவோ முடியாதவரின் இரைப்பைக்கு அல்லது சிறுகுடலுக்கு நீர்ம உணவை நேரடியாகக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் ஆகும். குழந்தைகளுக்கு இதைப் பொருத்த இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. ஒன்று, மூக்கு அல்லது வாய் வழியாக உள்ளே செலுத்துவது. மற்றொன்று, வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு இரைப்பைக்குள் நேராகச் செலுத்துவது. இரண்டாவது வழியை எண்டோஸ்கோப்பி, லேப்ராஸ்கோப்பி, திறந்த அறுவை, கதிர்ப்பட வழிகாட்டல் எனப் பல முறைகளில் செய்யலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் சிறந்த ஒரே முறை என்று எதுவும் இல்லை. எத்தனை நாளுக்குத் தேவை, உணவு எங்கே சேர வேண்டும், தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் பாதை திறந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையே முறையைத் தீர்மானிக்கிறது.

எந்தக் குழந்தைகளுக்குத் தேவைப்படுகிறது

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நடந்தால்தான் குழந்தையால் பால் குடிக்க முடியும். இந்த இசைவு கருவின் ஏறத்தாழ 34ஆவது வாரத்தில்தான் கைகூடுகிறது. எனவே அதற்கு முன் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைக் குழாய் வழியாகவே கொடுக்க நேரிடுகிறது. இது சில வாரங்களில் தீர்ந்துவிடும் தேவை.

மூளை முடக்குவாதம், தசை நோய்கள், கடுமையான தலைக்காயம் போன்றவற்றால் விழுங்கும் திறன் குன்றிய குழந்தைகளின் நிலை வேறு. இவர்களுக்கு ஊட்டும் உணவில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் நுழைந்து, அடிக்கடி நிமோனியாவை உண்டாக்கலாம். ஒரு வேளை உணவு ஊட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி ஊட்டியும் எடை ஏறாது. பிறவி இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, உணவுக்குழாய் தொடர்ச்சியின்றிப் பிறத்தல், அமிலம் குடித்து உணவுக்குழாய் சுருங்குதல் ஆகியவையும் குழாய் தேவைப்படும் காரணங்கள்.

மூக்கு அல்லது வாய் வழிக் குழாய்

மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயை நம் மருத்துவமனைகளில் ரைல்ஸ் டியூப் என்று சொல்வார்கள். 1921இல் இத்தகைய குழாயை அறிமுகப்படுத்திய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஆல்பிரட் ரைலின் பெயரால் அது அவ்வாறு அழைக்கப்படுகிறது. பச்சிளம் குழந்தைகளுக்கு இன்னும் மெல்லிய இன்ஃபன்ட் ஃபீடிங் டியூப் பயன்படுகிறது. குழாயின் தடிமன் பிரெஞ்சு என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 3 பிரெஞ்சு என்பது 1 மில்லிமீட்டர் வெளிவிட்டம். குறைமாதக் குழந்தைக்கு 5 பிரெஞ்சு அளவும், கைக்குழந்தைகளுக்கு 6 முதல் 8 வரையும் வழக்கமானவை.

பச்சிளம் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடுவதால், ஒரு நாசித் துளையைக் குழாய் அடைத்தாலும் சிலருக்கு மூச்சுத் திணறலாம். அத்தகைய குழந்தைகளுக்கு வாய் வழியாகக் குழாய் செலுத்தப்படுகிறது. ஆனால் வாய் வழிக் குழாய் எளிதில் நகர்ந்துவிடும். பல் முளைத்த குழந்தை அதைக் கடித்துவிடும்.

இம்முறைக்கு அறுவையோ மயக்க மருந்தோ தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். தேவை முடிந்ததும் உருவிவிட்டால் போதும். ஆனால் குழாய் செல்லும் வழியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு படிகளில் கவனம் தேவை.

முதற்படி நீளத்தை அளப்பது. மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் முனைக்கும் தொப்புளுக்கும் நடுவிலுள்ள புள்ளி வரையும் குழாயை வைத்து அளந்து அடையாளமிடுகிறார்கள். குழாய் குட்டையாக இருந்தால் பால் உணவுக்குழாயிலேயே தங்கி மேலேறும். அதிக நீளமாக இருந்தால் குழாய் சுருண்டுகொள்ளும் அல்லது சிறுகுடலுக்குள் நுழையும்.

இரண்டாம் படி, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என உறுதிசெய்வது. சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்பது நெடுநாள் பழக்கம். ஆனால் குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே போன்ற ஒலி வயிற்றில் கேட்கக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. 2005இல் பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை இச்சோதனையைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. குழாய் வழியாகச் சிறிது திரவத்தை உறிஞ்சி, பிஎச் தாளில் சோதிப்பதே பரிந்துரைக்கப்படும் முதல் சோதனை. பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது இரைப்பை அமிலம் எனக் கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும் குழந்தைகளுக்கு இந்த அளவு உயர்ந்து காட்டும். திரவம் கிடைக்காதபோதும், ஐயம் எழும்போதும் எக்ஸ்ரேதான் தெளிவான விடை தரும். இருமல், கடுமையான வாந்தி, கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி பிரிதல் ஆகியவற்றுக்குப் பிறகு குழாய் இடம் மாறியிருக்கலாம். எனவே ஒவ்வொரு முறை உணவு கொடுக்கும் முன்னும் குழாயிலுள்ள அடையாளக் கோட்டைப் பார்ப்பது அவசியம்.

மூக்குக் குழாய் குறுகிய காலத்துக்கானது. பிவிசி குழாய் இரைப்பை அமிலத்தில் விறைத்துப்போவதால் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிக்கோன், பாலியூரிதேன் குழாய்களைச் சில வாரங்கள் வரை வைத்திருக்கலாம். நீண்ட நாள் வைத்திருந்தால் நாசிப் புண், சைனஸ் அழற்சி, அமிலம் மேலேறுதல் ஆகியவை வரலாம். குழந்தை அடிக்கடி பிடுங்கிவிடும்; ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அழுது துடிக்கும். முகத்தருகே வலியை மட்டுமே அறிந்த குழந்தை, பின்னாளில் வாயருகே கரண்டியைக் கொண்டுபோனாலே முகம் திருப்பும் நிலையும் உருவாகலாம்.

சிறுகுடல் வரை செல்லும் குழாய்

இரைப்பைக்குக் கொடுத்த உணவு தொடர்ந்து மேலேறி வந்தாலோ, இரைப்பை காலியாவது மிகவும் தாமதமானாலோ குழாயை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் நடுப்பகுதி வரை கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். இதற்கு எண்டோஸ்கோப்பி அல்லது கதிர்ப்பட வழிகாட்டல் பெரும்பாலும் தேவை. இரைப்பை ஒரு சேமிப்புப் பை போன்றது. அரை மணி நேரத்தில் கொடுத்த உணவை வைத்திருந்து சிறிது சிறிதாகக் கீழே அனுப்பும். சிறுகுடலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் உணவைப் பம்பு மூலம் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். வேகமாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வரும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள இது கடினமான முறை.

வயிற்றுச் சுவர் வழிக் குழாய்

குழாய் உணவு 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் தேவைப்படும் எனத் தெரிந்தால் வயிற்றுச் சுவர் வழிக் குழாயைப் பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குவார்கள். குழந்தையின் எடை, நோய் ஆகியவற்றைப் பொறுத்துச் சில மையங்கள் 3 மாதம் வரை காத்திருப்பதும் உண்டு. இத்துளையிடும் முறை கேஸ்ட்ராஸ்டமி எனப்படுகிறது. இதை நான்கு விதமாகச் செய்யலாம்.

திறந்த அறுவை: பிரெஞ்சு அறுவை மருத்துவர் சார்லஸ் செடியோ 1849இல் மனிதருக்கு இதை முதன்முதலில் செய்தார், அந்த நோயாளி பிழைக்கவில்லை. இன்றும் பயன்படும் வடிவத்தை 1894இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்டாம் விவரித்தார். வயிற்றைத் திறந்து, இரைப்பையில் குழாயை நுழைத்து, அதைச் சுற்றிச் சுருக்குப்பை வாய் போல் வட்டத் தையல்கள் இட்டு, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவது இம்முறை. எல்லாம் கண்முன் நடப்பது இதன் பலம். பெரிய கீறல், முழு மயக்கம், அறுவைக்குப் பின் வலி ஆகியவை இதன் குறைகள்.

எண்டோஸ்கோப்பி முறை: இது பெக் என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இன்று உலகெங்கும் பெரியவர்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் இம்முறை குழந்தைகளுக்காகவே பிறந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குழந்தைகள் அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும் எண்டோஸ்கோப்பி மருத்துவர் ஜெஃப்ரி பொன்ஸ்கியும் 1979 ஜூன் 12 அன்று நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு இதை முதன்முதலாகச் செய்தனர். 1980இல் ஆய்விதழில் வெளியிட்டனர். நலிந்த குழந்தைகளுக்கு வெறும் குழாய் வைப்பதற்காக வயிற்றையே திறக்க வேண்டியிருக்கிறதே என்ற கவலையே இதற்குத் தூண்டுகோல். எண்டோஸ்கோப்பின் விளக்கு குழந்தையின் மெல்லிய வயிற்றுத் தோலுக்கு வெளியே ஒளிர்வதைக் கண்டு, ஒளி தெரியும் இடத்தில் இரைப்பை தோலை ஒட்டி இருக்கிறது என்று கணித்தார்கள்.

செய்முறை இதுதான். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, இரைப்பையைக் காற்றால் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். ஒளி தெரியும் இடத்தில் ஊசி குத்தி, ஒரு நூலை உள்ளே விட்டு, எண்டோஸ்கோப்பால் அதைப் பிடித்து வாய் வழியாக வெளியே இழுக்கிறார்கள். நூலின் முனையில் குழாயைக் கட்டி, வயிற்றுப் பக்கத்திலிருந்து இழுத்தால், குழாய் தொண்டை வழியாக இறங்கி வயிற்றுச் சுவர் வழியாக வெளிவரும். அதன் அகன்ற உள்முனை இரைப்பைக்குள் தங்கிவிடும். காயம் சிறியது, செய்ய ஆகும் நேரமும் குறைவு. ஆனால் இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் பெருங்குடல் வந்து நின்றால் ஊசி அதைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. முதுகெலும்பு கடுமையாக வளைந்த குழந்தைகளிலும், முன்பு வயிற்று அறுவை நடந்தவர்களிலும், கல்லீரல் அல்லது மண்ணீரல் பெருத்தவர்களிலும் இந்த ஆபத்து கூடுதல்.

லேப்ராஸ்கோப்பி முறை: தொப்புள் வழியாகச் சிறு கேமராவைச் செலுத்தி, உள்ளுறுப்புகளைத் திரையில் பார்த்தபடியே இரைப்பையைச் சுவரோடு தைத்துக் குழாய் வைக்கிறார்கள். குடல் நடுவில் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குழந்தைகளிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெக் முறையைவிட இதில் பெரிய சிக்கல்கள் குறைவாகவே காணப்பட்டன. அமிலம் மேலேறுவதைத் தடுக்கும் அறுவையும் தேவைப்பட்டால் அதே நேரத்தில் செய்துவிடலாம். முழு மயக்கமும், குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோப்பியில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரும் தேவை.

கதிர்ப்பட வழிகாட்டல் முறை: 1981 முதல் வழக்கத்தில் உள்ளது. மூக்குக் குழாய் வழியாக இரைப்பையைக் காற்றால் ஊதி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி வெளியிலிருந்து ஊசி செலுத்தி, கம்பியின் மேல் குழாயை ஏற்றுகிறார்கள். எண்டோஸ்கோப் இறங்காத குழந்தைக்கும் இது பொருந்தலாம். கதிர்வீச்சு உண்டு என்பதும், இதில் தேர்ந்த மருத்துவர்கள் பெரிய மையங்களில் மட்டுமே இருப்பதும் இதன் வரம்புகள்.

ஒப்பீட்டுச் சுருக்கம்

| முறை | ஏற்ற காலம் | மயக்க மருந்து | பலம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| மூக்கு, வாய் வழி | சில நாள் முதல் சில வாரம் | இல்லை | எளிது, செலவு குறைவு | நுரையீரலுக்குள் நுழைதல், அடிக்கடி கழலுதல் |
| மூக்கு வழி சிறுகுடல் | சில வாரம் | சில நேரம் | மேலேறும் வாந்திக்குத் தீர்வு | பம்பு தேவை, குழாய் பின்வாங்குதல் |
| திறந்த அறுவை | நீண்ட காலம் | முழு மயக்கம் | சிக்கலான உடலமைப்புக்கும் ஏற்றது | பெரிய கீறல், வலி |
| பெக் | நீண்ட காலம் | குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் | சிறு காயம், குறைந்த நேரம் | குடலில் துளை, உணவுக்குழாய் திறந்திருக்க வேண்டும் |
| லேப்ராஸ்கோப்பி | நீண்ட காலம் | முழு மயக்கம் | நேரடிப் பார்வை | தனிப்பயிற்சி தேவை |
| கதிர்ப்பட வழிகாட்டல் | நீண்ட காலம் | லேசானது அல்லது முழுது | எண்டோஸ்கோப் வேண்டாம் | கதிர்வீச்சு, குழாய் நகர்தல் |

திராவகம் குடித்த குழந்தைகள்

பாதை திறந்திருக்கிறதா என்ற கேள்வியின் முக்கியத்துவத்தை இக்குழந்தைகளிடம் தெளிவாகக் காணலாம். கழிவறை கழுவும் அமிலம் பல வீடுகளில் பழைய குளிர்பான பாட்டிலில் இருக்கும். கொங்குப் பகுதியில் இதனோடு நகைப் பட்டறைத் திராவகமும், சாயத் தொழிலில் பயன்படும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் என்று நினைத்து ஒரு மடக்கு குடித்தாலே போதும். காஸ்டிக் போன்ற காரங்கள் பெரும்பாலும் உணவுக்குழாயையும், அமிலங்கள் இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் கூடுதலாகப் பொசுக்குகின்றன.

இத்தகைய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பொசுக்கிய திரவம் இரண்டாம் முறை அதே பாதையில் வரும். மூக்குக் குழாயைக் கண்மூடித்தனமாகச் செலுத்தவும் கூடாது. வெந்த சுவரை அது துளைத்துவிடலாம். எண்டோஸ்கோப்பியில் பார்த்த பிறகே மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். சில வாரங்களில் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் அதன் வழியே பெக் குழாயை இழுக்க முடியாது. அப்போது திறந்த அறுவை அல்லது லேப்ராஸ்கோப்பி வழியாகக் குழாய் வைக்கிறார்கள். இந்தத் துளை உணவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. மூக்கிலிருந்து வயிற்றுத் துளை வரை ஒரு நூலை நிறுத்திவைத்து, அதைப் பிடித்துச் சுருங்கிய உணவுக்குழாயைப் படிப்படியாக விரிவாக்கவும் அது உதவுகிறது. இரைப்பையும் வெந்திருந்தால் சிறுகுடலில்தான் குழாய் வைக்க வேண்டும்.

பொத்தான் குழாய்

வயிற்றிலிருந்து நீளமாகத் தொங்கும் குழாயை ஓடியாடும் குழந்தை இழுத்துவிடும். இதற்குத் தீர்வாக, தோலோடு ஒட்டிச் சட்டைப் பொத்தான் போல் இருக்கும் குழாயைக் காடரரே 1984இல் அறிமுகப்படுத்தினார். துளைப் பாதை உறுதிப்பட ஏறத்தாழ 2 முதல் 3 மாதம் ஆகும்; அதன் பின்னரே வழக்கமாக இதற்கு மாற்றுவார்கள். உணவு கொடுக்கும்போது மட்டும் இணைப்புக் குழாயைப் பூட்டினால் போதும். சட்டை போட்டால் வெளியே தெரியாது, பள்ளிக்கும் அனுப்பலாம்.

வீட்டுப் பராமரிப்பு

எந்த முறையில் குழாய் வைத்தாலும் பலன் வீட்டில்தான் முடிவாகிறது. கவனிக்க வேண்டியவை:

1. குழந்தையின் தலையும் மார்பும் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். உணவு கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும்.
2. சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல், உயர்த்திப் பிடித்து உணவு தானாக இறங்க விட வேண்டும். சிரிஞ்சை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும்.
3. உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும், ஆறவைத்த கொதித்த நீரை மருத்துவர் சொன்ன அளவில் செலுத்தினால் குழாய் அடைக்காது.
4. குழாயில் இறங்க வேண்டும் என்பதற்காகக் கஞ்சியைத் தண்ணீராக்கினால் வயிறு நிறையும், எடை ஏறாது. ராகிக் கூழ் ஆறியதும் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். முளைகட்டிய ராகி மாவில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதே அளவு மாவிலும் கூழ் இளகி நிற்கும். இதோடு பருப்பு, பால், எண்ணெய் ஆகியவற்றை எவ்வளவு சேர்ப்பது என்பதை உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். துணியில் வடிகட்டிய பிறகே கொடுக்க வேண்டும்.
5. வயிற்றுத் துளையைச் சுற்றி நாள்தோறும் சோப்பு நீரால் கழுவி உலரவைக்க வேண்டும். சிவத்தல், சீழ், சதை வளர்தல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
6. வயிற்றுக் குழாய் கழன்றுவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். துளையிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் வீட்டில் மீண்டும் நுழைக்கக் கூடாது. குழாய் இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் சென்றுவிடலாம்.

குழாய் வைத்த சில நாட்களில் உணவு கொடுக்கும்போது கடும் வலி, காய்ச்சல், வயிறு உப்புதல் ஆகியவை தோன்றினால் உணவை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே அணுகுவது

18 வயது வரையுள்ள குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறியும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன்கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரை ஒரே இடத்தில் பார்க்கலாம். போத்தனூர் போன்ற பகுதிகளில் உள்ளவர்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மையம் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே தனி அரசு மருத்துவமனை உள்ளது. தனியார் மருத்துவமனையில் செய்துகொள்வதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குழந்தைக்குரிய சிகிச்சை அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பின்னர் மாற்றுக் குழாய் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். இந்தத் தொடர் செலவு பல குடும்பங்களின் முடிவை மாற்றக்கூடியது.

தயக்கமும் உண்மையும்

வயிற்றில் ஓட்டை போடுவதா என்ற அச்சத்தால், மூக்குக் குழாயையே மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வாயில் ஊட்டினால்தான் சாப்பாடு, குழாய் வைத்துவிட்டால் இனி எப்போதும் சாப்பிடாது என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்துவதும் இயல்பு. இந்த அச்சத்தில் கழியும் மாதங்கள், மூளையும் உடலும் வேகமாக வளர வேண்டிய மாதங்கள் என்பதை மறக்கக் கூடாது.

வயிற்றுக் குழாய் வாயை மூடிவிடுவதில்லை. விழுங்குவது பாதுகாப்பானது என்று பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொன்னால், குழந்தை வாயால் சுவைத்துக்கொண்டே மீதி உணவைக் குழாயில் பெறலாம். முகத்தில் குழாய் இல்லாததால் இப்பயிற்சி எளிதாகவும் இருக்கும். எடை ஏறி, விழுங்கும் திறன் தேறினால் குழாயை எடுத்துவிடலாம். பெரும்பாலும் துளை தானாகவே மூடிக்கொள்ளும். நீண்ட நாள் இருந்த துளைக்குச் சில நேரம் சிறு தையல் தேவைப்படும். குழாய் அமிலம் மேலேறுவதைக் குணப்படுத்தாது, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் செல்வதையும் முழுமையாகத் தடுக்காது என்பதையும் பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் இந்த முறை நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை மாதம் தேவைப்படும், என் குழந்தைக்கு இந்த முறையை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள், மற்ற முறை ஏன் பொருந்தாது, குழாய் நள்ளிரவில் கழன்றால் எங்கே வர வேண்டும் ஆகிய நான்கையும் கேட்டு, விடைகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் உணவு கொடுக்கப்போகும் இருவராவது மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.